காகிதத்தின் புகைப்படம்

தில்லியின் பெரிய அரசு மருத்துவமனைகளின் வாசலில் விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். இரவு ரயிலில் வந்து இறங்கிய குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் பெயர் அச்சிட்ட பிளாஸ்டிக் பை. உள்ளே துணி இருக்காது. ரத்தப் பரிசோதனை முடிவுகள், மடங்கிப்போன ஈ.சி.ஜி. தாள், எக்ஸ்ரே ஃபிலிம், மூன்று ஊர் டாக்டர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகள். பீகாரின் சமஸ்திபூரிலோ உத்தரப்பிரதேசத்தின் பலியாவிலோ தொடங்கிய ஒரு வியாதியின் முழு வரலாறும் அந்தப் பைக்குள்தான். பை தொலைந்தால் வரலாறும் போயிற்று.

2022 அக்டோபரில் தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் ஒரு புது வசதி வந்தது. சுவரில் ஒட்டியிருக்கும் கட்டம்போட்ட குறியீட்டைச் செல்போனால் படம்பிடித்தால் போதும். நோயாளியின் பெயர், வயது, முகவரி, போன் நம்பர் நேராக மருத்துவமனைக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். வரிசை எண் போனுக்கு வந்துவிடும். பிறகு இது நாடு முழுக்கப் பரவியது. மணிக்கணக்கில் நின்று வாங்கிய சீட்டை நிமிடங்களில் வாங்க முடிகிறது என்பது சாதாரண விஷயமல்ல. அதைக் குறை சொல்பவர்கள் அந்த வரிசையில் ஒருநாள் நின்று பார்க்கவேண்டும்.

ஆனால் சீட்டு வாங்கிய நோயாளி டாக்டரின் அறைக்குள் நுழைந்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி மாறவில்லை. "பழைய பேப்பர் எல்லாம் எங்கே?" பிளாஸ்டிக் பை மேஜைமேல் கவிழ்க்கப்படுகிறது.

பெயரும் வயதும் கம்பி வழியே போக முடிகிறபோது வியாதியின் வரலாறு ஏன் போகவில்லை? கம்ப்யூட்டர் இல்லாததால் அல்ல. தேசியத் தரவுத் தரநிலைகள் இல்லாததாலும் அல்ல. இரண்டும் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று அதிகம் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

மின்னணு மருத்துவப் பதிவேடுகள் எப்படி இருக்கவேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2013-லேயே தரநிலைகளை வெளியிட்டுவிட்டது. 2016 டிசம்பரில் அவை திருத்தப்பட்டன. வியாதிகளையும் அறிகுறிகளையும் குறிக்க ஸ்னோமெட் சி.டி. என்ற சர்வதேசச் சொல்தொகுப்பு. நோய்களை வகைப்படுத்தி எண்ண உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.; ஆய்வகச் சோதனைகளுக்கு லாய்ங்க்; எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களுக்கு டைகாம். ஸ்னோமெட் அமைப்பில் இந்தியா 2014-ல் உறுப்பினர் ஆனது. அதனால் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான மருத்துவக் கருத்துகள் அடங்கிய அந்தத் தொகுப்பை இந்தியாவில் யாரும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். வழிகாட்டுவதற்கென்றே புணேயில், சி-டாக் நிறுவனத்தில், ஒரு தேசிய மையம் இயங்குகிறது. இந்தியாவில் விற்கும் மருந்துகளுக்குப் பொதுவான குறியீட்டுப் பட்டியலையும் அந்த மையம் தயாரித்து வைத்திருக்கிறது. ஆக, இலக்கணம் எழுதியாகிவிட்டது. பேசுவதற்குத்தான் ஆள் குறைவு.

இலக்கணம் எதற்கு என்பதை ஒரு சர்க்கரைப் பரிசோதனை விளக்கிவிடும். காலையில் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தச் சர்க்கரையை ஒரு ஆய்வகம் 'எஃப்.பி.எஸ்.' என்று அச்சிடும். அடுத்த தெருவில் 'ஃபாஸ்டிங் சுகர்'. இன்னொரு ஊரில் 'குளூக்கோஸ்-எஃப்'. மூன்றும் ஒன்றே என்று எந்த டாக்டருக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மூன்றுக்கும் லாய்ங்க் எண் 1558-6 என்று பதிவாகியிருந்தால் தெரிந்துவிடும். அலகும் அப்படித்தான். 126 மில்லிகிராம் என்பதும் 7 மில்லிமோல் என்பதும் ஒரே அளவு. சர்க்கரை நோய் என்று சொல்ல ஆரம்பிக்கும் எல்லைக்கோடு. அலகை விட்டுவிட்டு வெறும் '7' மட்டும் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போனால், பார்ப்பவர் நோயாளி நினைவிழந்து கிடப்பதாக நினைக்கவேண்டும்.

டாக்டர்களின் சுருக்கெழுத்து இன்னும் அபாயம். 'எம்.எஸ்.' என்று எழுதினால் இதய மருத்துவருக்கு அது இதய வால்வின் சுருக்கம். நரம்பு மருத்துவருக்கு நரம்புறையை அரிக்கும் வேறொரு நோய். சில மருந்துச் சீட்டுகளில் மார்ஃபின் சல்ஃபேட். எழுதியவர் எதிரில் இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவர் இருப்பது சமஸ்திபூரில்.

மருத்துவமனைகளுக்கு சாஃப்ட்வேர் வாங்கும்போது நடக்கும் சடங்கு சுவாரஸ்யமானது. டெண்டரில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: தேசியத் தரநிலைகள் அனைத்துக்கும் இணக்கமாக இருக்கவேண்டும். விற்பவர் அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று டிக் அடிப்பார். அவர் சொல்வது பொய்யல்ல. ஸ்னோமெட் குறியீட்டை வைத்துக்கொள்ள அவருடைய சாஃப்ட்வேரில் ஒரு கட்டம் இருக்கிறது. நோயின் பெயரை டைப் செய்தால் ஒரு பட்டியல்கூட விரியும். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே 'குறிப்புகள்' என்று இன்னொரு பெரிய கட்டமும் இருக்கும். வெளியே நூறு பேர் காத்திருக்கும்போது, பட்டியலில் 'சர்க்கரை நோய், இரண்டாம் வகை, சிறுநீரகப் பாதிப்புடன்' என்பதைத் தேடிப் பிடிக்க எந்த டாக்டருக்கும் பொழுதில்லை. குறிப்புகள் கட்டத்தில் இரண்டே எழுத்து விழுகிறது: டி.எம். டிக் அடித்தது அடித்தபடி இருக்கிறது. இணக்கமானது சாஃப்ட்வேர்தான், அதற்குள் கிடக்கும் தரவு அல்ல.

டாக்டர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. உள்நோயாளிகள் வீடு திரும்பிய பிறகு அவர்களுடைய கேஸ் ஷீட்டைப் பார்த்து ஐ.சி.டி. எண் போடுவதற்கென்று பெரிய மருத்துவமனைகளில் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு உண்டு. அங்கேயும் ஆள் பற்றாக்குறை. புறநோயாளிகளுக்கு அந்த வேலையைச் செய்ய யாருமே இல்லை. ஆனால் நாட்டின் மருத்துவத்தில் பெரும்பகுதி நடப்பது புறநோயாளிப் பிரிவில்.

பெயர் என்ற முதல் கட்டத்திலேயே தகராறு ஆரம்பிக்கிறது. வட இந்திய மருத்துவமனைகளில் கால் வைத்த தமிழர்கள் இதை நன்கு அறிவார்கள். 'சர் நேம்?' என்று குமாஸ்தா கேட்பார். இனிஷியல் மட்டும்தான் என்றால் கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளாது. ஒரு மருத்துவமனையில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். அடுத்ததில் இனிஷியலே குடும்பப் பெயர். மூன்றாவதில் அலுத்துப்போன குமாஸ்தா ஒரு முற்றுப்புள்ளி வைத்து நகர்ந்துவிடுவார். ஒரே ஆள், மூன்று நோயாளிகள். வயதுக் கட்டத்தில் பிறந்த தேதிக்குப் பதில் 45, 50, 60 என்று முழு எண்கள். அடுத்த வருடம் வந்தாலும் சில பதிவேடுகளில் அவருக்கு அதே 50 தான். பெயர், பாலினம், முகவரி, ஊர்க் குறியீடு எல்லாம் எந்த வடிவத்தில் இருக்கவேண்டும் என்று சுகாதாரத் துறைக்கான தனித் தரநிலை 2018-ல் வந்தது. வந்தது என்பதைப் பல பதிவு கவுண்டர்கள் இன்னும் கேள்விப்படவில்லை.

இந்த ஆள் குழப்பத்தைத் தீர்க்க வந்ததுதான் 14 இலக்க ஆபா எண். 2020 ஆகஸ்டில் 6 யூனியன் பிரதேசங்களில் சோதனையாகத் தொடங்கி, 2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற பெயரில் நாடு முழுவதற்கும் விரிந்த திட்டம். 70 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் கொடுத்தாகிவிட்டது. திட்டத்தின் வடிவமைப்பு புத்திசாலித்தனமானது. எல்லாருடைய பதிவுகளையும் தில்லியில் ஒரே கிடங்கில் குவிப்பதில்லை. பதிவு அது உருவான மருத்துவமனையிலேயே இருக்கும். நோயாளி சம்மதித்தால் இன்னொரு மருத்துவமனை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எஃப்.எச்.ஐ.ஆர். என்ற சர்வதேச வடிவத்தில் பதிவு பயணம் செய்யும்.

இதில் சேர விரும்பும் சாஃப்ட்வேர் மூன்று கட்டத் தேர்வுகளில் தேறவேண்டும். ஆபா எண்ணை உருவாக்கிச் சரிபார்ப்பது முதலாவது. பதிவை இணைத்து அனுப்புவது இரண்டாவது. வேறிடத்துப் பதிவைச் சம்மதத்தோடு பெறுவது மூன்றாவது. மூன்றுமே குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் தேர்வுகள். குழாயில் என்ன ஓடுகிறது என்பது வேறு கேள்வி. குறியீடு போட்ட தரவை அனுப்பலாம். வெறும் எழுத்தாகவும் அனுப்பலாம். முழுச் சீட்டையும் ஒரு பி.டி.எஃப். ஆக உறைக்குள் போட்டும் அனுப்பலாம். விதி எல்லாவற்றுக்கும் இடம் தருகிறது.

எது சுலபமோ அதுதான் நடக்கிறது. சமஸ்திபூர் ஆய்வகத்தின் சர்க்கரை அளவு தில்லிக்கு வந்து சேர்ந்தால், பெரும்பாலும் அது காகிதத்தின் புகைப்படமாகத்தான் வரும். டாக்டர் அதைத் திறந்து படிக்கலாம். பிளாஸ்டிக் பையைவிட நிச்சயம் மேல், தொலையாது, நனையாது. ஆனால் மூன்று வருடச் சர்க்கரை அளவை ஒரே கோட்டில் வரைந்து காட்டு என்று கம்ப்யூட்டரிடம் சொல்ல முடியாது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாத நோயாளிக்கு அதே வகை மருந்தை எழுதும்போது அது மணி அடிக்காது. பென்சிலின் என்ற சொல் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை படத்தில் இருக்கும் கறுப்புப் புள்ளிகள்.

இந்தத் தாராளம் தெரிந்தே செய்யப்பட்டது. அதற்கு நியாயமும் உண்டு. முதல் நாளிலேயே குறியீடு கட்டாயம் என்றிருந்தால் பத்து படுக்கை நர்சிங் ஹோம்கள் வாசலிலேயே திரும்பிப் போயிருக்கும். முதலில் ஆள் சேரட்டும், பிறகு ஒழுங்கு வரட்டும் என்று நினைத்தார்கள். சிக்கல், ஊக்கத்தொகையும் அந்த முதல் படியிலேயே உட்கார்ந்துகொண்டதுதான். 2023 ஜனவரியில் அமலுக்கு வந்த திட்டத்தின்படி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒரு மருத்துவமனை இணைக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் ரூ. 20, அதிகபட்சம் ரூ. 4 கோடி வரை கிடைக்கும். எண்ணிக்கைக்குப் பணம். குறியீடு போட்ட பதிவுக்கும் மங்கலான பி.டி.எஃப்.-புக்கும் அதே விலை. வியாபாரி எதை அனுப்புவான் என்று சொல்ல ஜோதிடம் தேவையில்லை.

பணம் எதைக் கேட்கிறதோ அதை மருத்துவமனைகள் கச்சிதமாகச் செய்யும் என்பதற்கு வேறு சாட்சியும் இருக்கிறது. 2018-ல் தொடங்கிய பிரதமர் ஜன் ஆரோக்கியத் திட்டத்தில் ஒவ்வொரு அறுவைச் சிகிச்சைக்கும் ஒரு பேக்கேஜ் எண் உண்டு. அந்த எண் தப்பினால் பணம் வராது. ஆகவே எண் தப்புவது அபூர்வம். தனியார் மருத்துவமனைகளின் சாஃப்ட்வேரில் மிக மெருகான பகுதி எது என்று பார்த்தால் அது பில் போடும் பகுதிதான். பஞ்சு, ஊசி, கையுறை என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண். நோயாளிக்கு என்ன வியாதி என்பதற்கு மட்டும் சுதந்திரமான உரைநடை.

இன்னொரு சாட்சி எக்ஸ்ரே அறையில் கிடைக்கும். டைகாம் தரநிலை இந்தியாவில் பொதுவாக ஒழுங்காக வேலை செய்கிறது. ஓர் ஊரில் எடுத்த சி.டி. ஸ்கேன் வட்டை இன்னொரு ஊரில் போட்டால் படம் திறக்கும். சுற்றறிக்கை பார்த்து யாரும் பயந்துவிடவில்லை. ஸ்கேன் இயந்திரங்களே அந்த மொழியைப் பேசிக்கொண்டுதான் தொழிற்சாலையை விட்டு வெளியே வருகின்றன. மனிதர் எதையும் கூடுதலாகச் செய்ய வேண்டியதில்லை.

அரசு தன் பங்குக்கு சாஃப்ட்வேர் எழுதாமலும் இல்லை. தேசியத் தகவல் மையத்தின் 'இ-ஹாஸ்பிடல்' திரிபுராவில் பிறந்தது. தலைநகரில் பிறக்காத ஒரு அரசு சாஃப்ட்வேர் தலைநகரை வந்தடைந்த அபூர்வக் கதை அது. சி-டாக் எழுதிய 'இ-சுஷ்ருத்'தின் வேர் 1990களில் லக்னோ சஞ்சய் காந்தி மருத்துவ நிறுவனத்துக்காகச் செய்த வேலையில் இருக்கிறது. இவை தவிர மாநிலங்களுக்கென்று தனித்தனி ஏற்பாடுகள். அதற்கு மேல் காசநோய்க்கு ஒரு வலைத்தளம், தாய்-சேய் நலத்துக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று, தொற்றுநோய்க் கண்காணிப்புக்கு ஒன்று. 2008 முதல் மாதாந்திர புள்ளிவிவரத்துக்கு ஒரு தேசிய வலைத்தளம். ஒரே கர்ப்பிணியின் விவரத்தை ஒரே நர்ஸ் பல திரைகளில் திரும்பத் திரும்ப நிரப்புவது இதனால்தான். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் மருத்துவமனையில்கூட, மாதக் கடைசியில் பதிவேட்டைப் புரட்டிக் கையால் கூட்டி வலைத்தளத்தில் ஏற்றும் வேலை இன்னும் ஒழிந்தபாடில்லை. தரநிலை என்பது நர்ஸின் முதுகை நிமிர்த்த வந்த சாதனம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பமாட்டார்.

கட்டாயப்படுத்த முடியாதா? சட்டத்தில் வழி இருக்கிறது, பாதி அளவுக்கு. மருத்துவமனைகளைப் பதிவு செய்வதற்கான 2010-ம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 2012 விதிகள், ஒவ்வொரு நோயாளிக்கும் மின்னணுப் பதிவேடு வைத்திருப்பதை ஒரு நிபந்தனையாகவே சொல்கின்றன. ஆனால் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருப்பவை. அந்தச் சட்டம் அதை ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் மட்டுமே செல்லும். தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் போன்றவை தனிச் சட்டங்கள் வைத்திருக்கின்றன. ஏற்றுக்கொண்ட மாநிலத்திலும், 'உங்கள் கம்ப்யூட்டரில் லாய்ங்க் எண் இருக்கிறதா?' என்று கேட்டு எந்த இன்ஸ்பெக்டரும் கதவைத் தட்டுவதில்லை. மருத்துவமனைகளின் தரத்துக்குச் சான்று வழங்கும் என்.ஏ.பி.எச். அமைப்பு 2023-ல் டிஜிட்டல் வசதிக்கென்று தனிச் சான்று கொண்டுவந்தது. விருப்பப்பட்டவர்கள் வாங்கலாம்.

அந்தரங்கம் என்ற பக்கமும் இருக்கிறது. மருத்துவத் தரவுக்கென்று தனிச் சட்டம் வரும் என்றார்கள். 2018-ல் வெளியான வரைவு, வரைவாகவே நின்றுவிட்டது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எல்லாத் தரவுக்கும் பொதுவானது. 2022 நவம்பரில் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் 5 சர்வர்களைத் தாக்கிய விஷமிகள் சுமார் 1.3 டெராபைட் தரவைப் பூட்டிவிட்டதாக அரசு பாராளுமன்றத்தில் சொன்னது. மாற்று சர்வரில் நகல் இருந்ததால் தரவு மீண்டது. அதுவரை நாட்டின் முதன்மை மருத்துவமனை பேனாவும் காகிதமுமாக ஓடியது. அந்த நாட்களில் பிளாஸ்டிக் பை கொண்டுவந்தவர்கள் பாக்கியசாலிகள்.

ஒரு நோயாளியின் தொல்லையோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. நாட்டில் யார் எதனால் சாகிறார்கள் என்ற கேள்விக்கும் இதே ஓட்டைதான் தடை. 2020-ல் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை 22.5 சதவீதம் மட்டுமே. சான்றளித்தவற்றிலும், 'இதயமும் மூச்சும் நின்றுவிட்டன' என்று எழுதும் வழக்கம் போகவில்லை. மரணம் என்றால் அதுதானே! கோவிட் காலத்தில் இதன் விலை தெரிந்தது. 2021 முடியும்வரை அரசுக் கணக்கில் கோவிட் சாவு 4.8 லட்சம். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் சொன்ன கூடுதல் மரண மதிப்பீடு 47 லட்சம். அரசு அதை ஆட்சேபித்தது. கணித முறையே தவறு என்றது. யார் சொல்வது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். பத்து மடங்கு வித்தியாசத்தில் ஒரு சண்டை போட முடிந்ததே, அதற்குக் களம் அமைத்துத் தந்தது எண்ணப்படாத, காரணம் குறிக்கப்படாத மரணங்கள்தான்.

வேடிக்கையான ஒரு முரண். 2024 ஜனவரியில் ஆயுர்வேதம், சித்தா, யுனானி மருத்துவங்களின் நோய்ச் சொற்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 தொகுப்பில் தனி இடம் கிடைத்தது. சித்த மருத்துவர் சொல்லும் வாத நோய்க்கு இனி சர்வதேச அங்கீகாரம் பெற்ற குறியீடு உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டில் வரும் சாதாரணக் காய்ச்சல் மட்டும் குறியீடு இல்லாமல் திரிந்துகொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யச் சொல்வது வீண். டாக்டரின் சுருக்கெழுத்தை மாற்றப் பல ஆண்டு ஆகலாம். ஆனால் ஆய்வகத்தை மாற்ற அவ்வளவு ஆகாது. அங்கே பெரும்பாலான வேலையை இயந்திரம் செய்கிறது. சோதனையின் பெயரை யாரும் புதிதாக எழுதுவதில்லை, பட்டியலில் இருக்கும் பெயர்தான் ஒவ்வொரு முறையும் அச்சாகிறது. ஒரு மாவட்ட மருத்துவமனை ஆய்வகம் வழக்கமாகச் செய்யும் சோதனைகளின் பட்டியல் அப்படியொன்றும் நீளமானதல்ல. விவரம் தெரிந்த ஒரு டெக்னீஷியன் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் லாய்ங்க் எண்ணையும் அலகையும் ஒருமுறை பொருத்திவிட்டால், அதன்பின் வெளிவரும் ஒவ்வொரு முடிவும் தானாகவே அந்த மொழியைப் பேசும். அடுத்தபடியாக மருந்தகம், அதற்குத்தான் புணே மையம் பட்டியல் வைத்திருக்கிறதே. ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் கட்டத்தை மட்டும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தே நிரப்பவேண்டும் என்று வைத்துவிடலாம்; அதற்கு டாக்டரே தேவையில்லை, சீட்டு போடும் இடத்தில் நர்ஸ் கேட்டுக் குறித்துவிடலாம். ரூ. 20 ஊக்கத்தொகையையும் பி.டி.எஃப்.-புக்கு ரூ. 5, குறியீடு போட்ட பதிவுக்கு ரூ. 35 என்கிற மாதிரி பிரித்துக் கொடுப்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், ஒரு உத்தரவு போதும்.

அந்த டெக்னீஷியனின் சில வாரச் சம்பளத்துக்குத்தான் எந்த டெண்டரிலும் தலைப்பு இருப்பதில்லை. சர்வருக்கு உண்டு, பிரின்டருக்கு உண்டு, ஏ.சி.க்கு உண்டு. சமஸ்திபூரிலிருந்து வந்த பெண்ணுக்கு தில்லி டாக்டர் எழுதிக் கொடுக்கும் முதல் சீட்டில், அவள் பையில் ஏற்கெனவே இருக்கும் அதே ரத்தப் பரிசோதனை மறுபடியும் இருக்கிறது.